யாரும் கேட்காத பரிசோதனை

என் தங்கையின் புருஷன் செடிப் பண்ணை வைத்திருக்கிறான். அதன் வேலி முழுக்க அரளி. "கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாத் தெரியுதுண்ணா" என்று போனில் சொன்ன தங்கை மறுநாள் இல்லை. அவனுக்குத் தெரிந்த கிளினிக்கில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் போய்ச் சேருவதற்குள் எரித்தும் விட்டான். அரளிதான் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? அவன் கழுத்தை நெரிப்பதாக நினைத்துத்தான் தினமும் தூங்கப் போவேன்.

பிறகு மாப்பிள்ளை இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். அவள் சுருண்டு விழுந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட, அது நான் லேபில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே அவளைக் கொண்டுவந்தது. ஓயாத வாந்தி, இறங்கிக்கொண்டே போகும் நாடி. லேபுக்கு ரத்தம் கொண்டுவந்த நர்ஸ், எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று அவள் புலம்புவதாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

டாக்டர் கேட்டிருந்த விஷப் பரிசோதனைகளில் அரளி சிக்காது. இதய நோயாளிகள் சாப்பிடும் ஒரு மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அந்த மாத்திரைக்கு அரளி விஷம் ஒன்றுவிட்ட உறவு, அதில் மாட்டிக்கொள்ளும். யாரையும் கேட்காமல் செய்தேன். மாட்டிக்கொண்டது.

மாத்திரையைக் கூடுதலாக விழுங்கியிருப்பாள் என்றார் டாக்டர். சொல்லி முடிக்கும்முன் அவரே நிறுத்திக்கொண்டார். தன் பெண்டாட்டி மாத்திரை என்று ஒன்றைத் தொட்டதே கிடையாது என்று சற்றுமுன் அவரிடம் பெருமையடித்தவன் புருஷன்தான். இதய மாத்திரை சாப்பிடுகிறாள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான்.

விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் முறிமருந்து அவள் நரம்பில் இறங்கியது. பாவம், சின்னப் பெண். இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் வாயைத் திறந்து அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற வெறிதான் எனக்குப் பெரிதாக இருந்தது. நாடி மெல்ல ஏறியது. கண் விழித்ததும், உடம்புக்கு நல்லது என்று அவன் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்த கசப்புச் சாற்றைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் போலீசுக்குப் போன் செய்தார்.

வராந்தாவில் கர்ச்சீப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"மச்சான்... போயிட்டாளா?"

பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டேன்.

"பொழைச்சுட்டாங்க மாப்பிள்ளை. நீங்க குடுத்ததை ஒண்ணுவிடாமச் சொல்றாங்க. எந்திரிக்காதீங்க, போலீஸ் வர்ற வரைக்கும் நான் துணைக்கு இருக்கேன்."