எழுதாத தாளில் கையெழுத்து

"கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வா. மீதியை நான் எழுதிக்கிறேன்" என்று நான்கு வெற்றுத் தாள்களைக் கொடுத்தனுப்பினார் சீனியர் வக்கீல். சட்டக் கல்லூரி மாணவி தலையாட்டினாள். களப்பயிற்சி முடிந்ததென்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் அவள் இறுதித் தேர்வு எழுத முடியும்.

தையல் ஆலையில் வேலை போய், அவரிடம் வழக்குக் கொடுத்திருந்தவளின் வீடு மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. இருந்த ஒரு நாற்காலியை மாணவி பக்கம் நகர்த்திவிட்டு, தாள்களை வாங்கித் தையல் மெஷின் மேல் பரப்பினாள்.

"எங்கே போடணும்மா? மேலயா, கீழயா?"

"கீழதான்க்கா. உங்களுக்கு என்ன வேணும்னு சார் கேட்டாரா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? பழைய வேலை வேணும். கக்கூஸ் போக விடுங்கன்னு கேட்டதுக்கா ஒருத்தியைத் துரத்துவாங்க?"

ஆலைத் தரப்பு வக்கீலிடம் சீனியர் போனில் பேசியதை மாணவி காலையில்தான் கேட்டிருந்தாள். 'அவளே விலகிட்டதா எழுதி முடிச்சிடலாம்.'

அக்காவின் பேனா பிடித்த கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"எழுதாத தாள்ல போடாதீங்கக்கா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

எழுதியதைப் படித்துக் காட்டியபோது அக்கா ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அதென்ன 'தயவுகூர்ந்து'? நான் என்ன பிச்சையா கேக்குறேன்? அடிச்சு விடு."

அடித்தாள். பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டாள். இருவரும் சேர்ந்தே ஆபீசுக்குப் போனார்கள்.

பெஞ்சு நிறையக் கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். சீனியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள மனு எழுதுறியா? யார் சொன்னா?"

"அக்கா சொன்னாங்க சார்."

"இத்தனை வருஷமா இப்படித்தான் வாங்குறேன். எவனாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கானா? உன் பயிற்சிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், தெரியுமில்ல?"

மாணவியின் குரல் நடுங்கவில்லை.

"போடாதீங்க சார். அவங்க வேலையை விட்டுட்டதா எழுத நான் தாள் வாங்கித் தர மாட்டேன்."

பெஞ்சிலிருந்து லாரி டிரைவர் ஒருவர் எழுந்தார்.

"சார், நானும் வெறும் தாள்லதானே போட்டேன். அதுல என்ன எழுதினீங்க?"

"உக்காருய்யா."

அவர் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணும் எழுந்து நின்றாள்.

"நீ உள்ள போ" என்றார் சீனியர் மாணவியிடம்.

அவள் உள்ளே போகாமல் அலமாரிக்குப் போனாள். டிரைவரின் வழக்குக் கட்டைத் தேடியெடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்குப் படிக்க வராதும்மா."

"நான் படிக்கிறேண்ணே. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."