சம்பந்தி அடித்த பந்து

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொன்னால் அது பொய். என் அக்கா கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறார். அந்தப் பள்ளியின் காருக்குள் என்னை உட்காரவைத்துச் சொன்னார். எஞ்சினை அணைத்திருந்தார். சொல்லி முடித்ததும், "இத எழுது மச்சான். ஆனா நான் கத்தினேன்னு எழுதிரு" என்றார்.

முடியாது அத்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தலையாட்டி வைத்தேன்.

முதல் தொடக்கம்: 'பனி விலகாத அந்தப் புல்வெளி ஒரு மாபெரும் பச்சை—'

அடித்துவிட்டேன். அத்தான் புல்லையே பார்க்கவில்லை. இரவல் வாங்கிய ஷூ ஒரு அளவு பெரிசு. நடக்கும்போது கழன்றுவிடுமோ என்று காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தொடக்கம், நடந்தது நடந்தபடி: மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா ஃபோன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல நம்ம கிளப்புக்கு வாங்க சம்பந்தி. ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆடலாம்."

"எனக்கு அதெல்லாம் ஆடத் தெரியாதுங்களே."

"யாருக்குத்தான் தெரியும்? சும்மா வாங்க."

பெண்ணைக் கொடுக்கிறவர் எப்படி மறுப்பார்? போனார்.

2

வாசல் காவலாளி நோட்டில் பெயர் எழுதி, மணிக்கட்டில் மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டினார். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுபோல இருந்தது என்றார் அத்தான். சட்டையில் காலர் இருக்கிறதா என்று இன்னொருவர் பார்த்தார். சம்பந்திக்குப் பட்டை இல்லை. எல்லோரும் வணக்கம் வைத்தார்கள்.

ஆட்டத்தில் இவர்கள் இரண்டே பேர். பேட்டரி வண்டியைச் சம்பந்தி ஓட்டினார். வளைவில் வேகம் குறைக்கவில்லை. அத்தான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து குழிகள் வரை அத்தான் அடித்ததைவிட மண்ணைப் பெயர்த்ததுதான் அதிகம். சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல சிரிப்புதான், அதில் கேலி இல்லை என்று அத்தான் இரண்டு முறை சொன்னார். (நான் கேட்கவே இல்லை.)

ஆறாவதில் அத்தான் முதலில் அடித்தார். பந்து பத்தடி உருண்டு நின்றது. அடுத்துச் சம்பந்தி ஓங்கி அடித்தார். பந்து உயரே போய், வலப்பக்கம் வளைந்தது. அங்கே மர வரிசைக்குக் கீழே ஒருவர், புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாயைச் சரிசெய்தபடி மண்டியிட்டிருந்தார். அத்தானுக்கு நன்றாகத் தெரிந்தது: பந்தும், ஆளும், இடையில் குறைந்துகொண்டே வந்த தூரமும்.

பந்து அந்த மனிதரின் இடக் கண்ணில் விழுந்தது.

3

இங்கேதான் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

இருபத்திரண்டு வருடமாக, ஆபத்து வருவதற்கு முன்பே கத்துவதுதான் அத்தானின் தொழில். சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதுகூட, எதிரே லாரி வந்தால் காலை ஊன்றி "பிரேக்! பிரேக்!" என்பார். அப்படிப்பட்ட மனிதர் எப்படி வாயடைத்துப்போனார்? நம்புகிற மாதிரி இல்லையே என்று அவரிடமே கேட்டேன்.

வெகுநேரம் கியரை அசைத்துக்கொண்டிருந்தார்.

"வாய் தொறந்துருச்சு மச்சான். ஆனா… சம்பந்தி அடிச்ச பந்து தப்பாப் போகுதுன்னு நான் எப்படிக் கத்துறது?"

இதைவிட நல்ல வசனம் என்னால் எழுத முடியாது. எழுத நேர்ந்திருக்கவே வேண்டாம்.

4

ஆம்புலன்ஸ் போனபின் கிளப் மேலாளர் ஒரு படிவத்துடன் வந்தார். அதற்குள் சம்பந்தி அத்தானின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போயிருந்தார்.

"போன வருஷமும் என் பந்து ஒருத்தர் மேல பட்டுருச்சு சம்பந்தி. இதுவும் என்னுதுன்னா போலீஸ், கேஸுன்னு போயிரும். நீங்க ஆட்டத்துக்குப் புதுசு. கை தவறிருச்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அத்தான் குனிந்து இரவல் ஷூவைப் பார்த்தார்.

"மூணு வாரத்துல கல்யாணம். நம்ம புள்ளைங்களுக்காகக் கேக்கிறேன்."

படிவத்தில் 'பந்தை அடித்தவர்' என்ற கட்டத்துக்கு நேரே அத்தான் கையெழுத்துப் போட்டார்.*

*இதைக் கோழைத்தனம் என்று ஒரு வரியில் எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டவன் நான்.

5

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அந்தக் குழாய்க்காரரின் வீட்டை விசாரித்துக்கொண்டு அத்தான் போனார். ஒற்றை அறை. கதவைத் திறந்த மனைவி, அவர் யாரென்று தெரிந்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு இடக் கண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது.

அத்தான் மன்னிப்புக் கேட்கத்தான் போனார். குழாய்க்காரர் முந்திக்கொண்டார்.

"நீங்க அடிக்கல சார். நான் பாத்தேன். உங்க பந்து உருண்டுச்சு, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் அவர் அடிச்சாரு. அதான் அந்தக் கண்ணு கடைசியாப் பாத்தது."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். உங்க கையெழுத்தைக் காட்டினாங்க. மெம்பர் மேல பொய்ப்பழி போடுறேன்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

மனைவி சுவரோரமாக நின்று சொன்னாள்: "இவருக்குக் கண்ணு போனதுகூடப் பெருசில்ல. பொய்யன்னு ஆக்கிட்டாங்க."

"ஒரே ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க சார்" என்றார் அவர். "உங்க பந்து இல்லன்னு. அது போதும்."

அத்தான் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். கடிதம் எழுதத் தெரிந்தவன் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

6

மூன்று முடிவுகள் யோசித்தேன். ஒன்று, அத்தான் கத்துகிறார், அந்த மனிதர் குனிகிறார், பந்து மரத்தில் படுகிறது. அத்தான் ஆசைப்பட்ட முடிவு. அந்த ஒற்றை அறையில் இதை வாசித்துக் காட்ட முடியுமா? இரண்டு, கடிதம் போய்ச் சேர்கிறது, சம்பந்தி மாட்டிக்கொள்கிறார், என் அக்கா மகள் அந்த வீட்டில்— (இதற்குமேல் எழுத வரவில்லை. அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.) மூன்று, ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. கடிதம் ஐந்தே வரி. பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். அத்தான் இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். "இன்னும் கொஞ்சம் நல்லா எழுது மச்சான்" என்று திருப்பிக் கொடுத்தார். மாற்றி எழுதினேன். மறுபடி திருப்பினார். இதுவரை ஏழு முறை. சம்பந்தி ஞாயிறுதோறும் ஆடப் போகிறார்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை அவர் திருப்பித் தரும்போதும் எனக்கு அப்பாடா என்று இருக்கிறது.

அதனால் முடிவு எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்த ஐந்து வரியில் என்ன இருக்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். உங்கள் வீட்டுப் பெண் யாரும் அங்கே வாழப் போகவில்லை. நீங்கள் எழுதுங்கள்.