எடையைச் சொல்லாதீங்க

மலேசியாவில், ஷா ஆலமிலிருந்து பண்டமாரான் போகிற சாலையில், கொள்கலன் ஏற்றிய லோரிகளுக்கு நடுவே கார் சிக்கி நின்றபோது ஷாமினிக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பின்சீட்டில் குழந்தைத் தராசு கிடந்தது. கைப்பேசியில் டாக்டர் கமலநாதனின் செய்தி: வார்டில் படுக்கை தயார், புனிதாவின் குழந்தையை இன்றைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு எப்படித் தேறுகின்றன என்பதுதான் அவர்கள் செய்யும் ஆய்வு. ஷாமினி அதில் தாதி; வீடுகளில் 'மிஸி' என்று கூப்பிடுவார்கள். வாரா வாரம் தாய்மார்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, உடம்பு பிடித்திருக்கிறதா என்று கேட்டுப் பதிய வேண்டும். புனிதாவின் வீட்டில் மட்டும் எப்போதும் மாமியார் பவுனம்மாள்தான் எடுப்பார். பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருக்கிறவள் போனைப் பார்த்தால் கண் கெட்டுவிடுமாம். "எங்க மிஸி குடிக்குது? வத்திப்போய்க் கிடக்கு" என்று நேற்றும் அவர்தான் சொன்னார். அதற்கு முந்தைய வாரம், எலும்பும் தோலுமாக இருக்கிறது என்றார். ஷாமினி அப்படியே பதிந்தாள். அதைப் படித்துத்தான் டாக்டர் பதறிப்போனார்.

புனிதாவின் வீட்டுக்குள் தைல வாசம். காதில் பஞ்சும் தலையில் துணிக்கட்டுமாகப் புனிதா வந்தாள். தோளில் பையன். பாதிப் பாலில் எடுத்துவிட்ட ஆத்திரத்தில் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தான். கழுத்தே தெரியாதபடி கன்னம் இறங்கியிருந்தது.

"அம்மாடி, நல்லா தேறிட்டானே..."

"தூ! தூ!" பவுனம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா மிஸி?"

"ஆன்டி, நேத்து நீங்கதானே வத்திப்போச்சுன்னு சொன்னீங்க?"

"பின்ன? போன்ல கேக்கறவங்ககிட்டல்லாம் புள்ள கொழுகொழுன்னு இருக்குன்னா சொல்லுவாங்க?"

"நான் யாரோவா? வாரா வாரம் நான்தான் லா பேசறேன்!"

"நீ நல்லவதான். எழுதிக்கிட்டுப் போயி எத்தன பேருக்குக் காட்டறியோ, யாருக்குத் தெரியும்."

நிறையப் பேருக்குத்தான் காட்டுகிறார்கள். போன மாதக் கூட்டத்தில் பெரிய திரையில் ஒரு வரைபடம் போட்டு, இந்தியத் தாய்மார்களின் குழந்தைகள்தான் மிகவும் பின்தங்கியிருப்பதாகச் சொன்னார்கள். பத்தியச் சாப்பாடு காரணமா, வருமானம் காரணமா என்று ஒரு மணி நேரம் விவாதம் வேறு. அவளும் கவலையோடு தலையாட்டினாள். அவளுடைய சொந்த அத்தைகூட யார் கேட்டாலும் பேரப்பிள்ளை இளைத்துவிட்டதாகத்தான் சொல்வார். அது எப்படி அன்றைக்கு ஞாபகம் வராமல் போனது? அந்த வரைபடக் கோட்டுக்குள் எத்தனை பவுனம்மாள்கள் இருக்கிறார்களோ. அவர்களுக்கு நடுவே நிஜமாகவே வற்றிப்போகும் குழந்தை ஒன்று இருந்தால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் தராசைத் தரையில் வைத்தாள்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் பவுனம்மாள். "ஆட்டுக்குட்டியா, நிறுத்துப் பாக்க?"

"எடை தெரிஞ்சாத்தான் வார்டு வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்ல முடியும், ஆன்டி."

"மூத்தவ பொறந்தப்பவும் நிறுத்தாங்க. என்னா எடை, என்னா எடைன்னு பக்கத்துக் கட்டில்காரிங்கல்லாம் வந்து வந்து பாத்தாளுங்க..." அவர் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

புனிதா தலையைக் குனிந்துகொண்டாள். முதல் குழந்தை தங்கவில்லை என்பது ஷாமினிக்குத் தெரியும். ஆய்வில் சேர்ந்த அன்று அதைப் பதிந்தவளே அவள்தான். ஒரே வரியில்.

"அத்தை, போதும்" என்றாள் புனிதா. "எனக்கு மட்டும் பயம் இல்லையா? நிறுக்கலன்னா இன்னிக்கு இவன் வார்டுல படுத்திருப்பான். நான் கூடப் போறேன்னாலும் பத்தியம், வெளிய போகாதன்னு நீங்கதான் வாசல்ல நிப்பீங்க."

பவுனம்மாள் உள்ளே போய் மை டப்பாவோடு வந்தார். பையனின் கன்னத்தில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு, தராசின் ஓரத்திலும் பெரிதாக ஒன்று வைத்தார்.

"ஆன்டி! அது ஆஸ்பத்திரி சாமான்!"

"தொடச்சிக்க. போடு, சீக்கிரம் போடு."

எண்கள் ஏறி இறங்கி நின்ற நொடியில் பவுனம்மாளின் கை பாய்ந்து வந்து அவற்றை மூடியது. அதற்குள் ஷாமினி பார்த்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து கைப்பேசியில் டாக்டர் கூப்பிட்டார்.

"படுக்கை வேண்டாம் டாக்டர்" என்றாள்.

"எடை எவ்வளவு?"

பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தார். புனிதாவும் பார்த்தாள்.

"வெளிய வந்து சொல்றேன் டாக்டர்."

"ஏன், அங்க சிக்னல் இல்லையா?"

பையன் தராசில் கிடந்தபடி மைப் பொட்டு வைத்த காலால் பாட்டியின் மணிக்கட்டை உதைத்துக்கொண்டிருந்தான். அவர் கையை எடுக்கவில்லை. இறுக்கி மூடிய விரல்களின் இடுக்குகளில் எண்களின் நீல வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.