கடலம்மா தங்கிய வீடு

எங்கள் மீன்பிடித் துறையில் ஆண்டுக்கொரு முறை கோயில் முற்றத்தில் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டைப் போட்டுக் கடலம்மாவிடம் குறி கேட்போம். எந்த வீட்டின் பெயருக்குத் தொடர்ந்து அதிகமாகச் சம்மதம் விழுகிறதோ, அந்த வீட்டில் கடலம்மாவின் சின்னச் சிலை ஓராண்டு தங்கும். ஒரு கட்டை குப்புற, மற்றது மல்லாந்து விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் அம்மா பதில் சொல்லாமல் சிரிக்கிறாள், மறுபடி போட வேண்டும். கோயிலைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் கட்டை போடுவதும் நான்தான்.

இந்த ஆண்டு மேட்டுத் தெரு சியூ கிம்முக்கு விழுந்தது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் கௌசியுங் நகரத்தில். அம்மா வந்தால் ஊதுபத்தி ஏற்றவாவது ஆட்கள் படியேறுவார்கள் என்று அவள் வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு விழுந்திருந்தா ஊருக்கே விருந்து வெச்சிருப்பேன்க்கா," என்று அவளிடம் சொன்னான் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் தான் போக் என்பவன்.

"உன் விருந்தைச் சாப்பிட்டா அம்மாவுக்கே வயித்தால போயிருக்கும்!" என்றாள் சியூ கிம்.

முதல் நாள் மேளதாளத்தோடு ஊரே மேடேறியது. அதோடு சரி. இளசுகள் எல்லாம் நகரத்தில். மிச்சம் இருக்கும் எங்களுக்கோ முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அவள் வாசல்கதவைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் முக்காலிகளை வரிசையாகப் போட்டுக் காத்திருந்தாள். திக்கற்றவருக்குத் தெய்வம் துணை என்பார்கள். அங்கே தெய்வத்துக்கே துணை தேட வேண்டியிருந்தது.

ஒருநாள் கோயிலுக்கு வந்தாள்.

"அண்ணே, அம்மாவத் திரும்பக் கூட்டிட்டுப் போயிருங்க."

"ஏன், பாரமா இருக்காங்களா?"

"எனக்குத் தனிமை பழகிப்போச்சு. அவங்களுக்கு என்ன தலையெழுத்து? நாலு பேர் முகம் பார்த்து இருந்தவங்க, இப்ப என்னோட சேர்ந்து சுவத்தப் பார்த்துட்டிருக்காங்க."

அம்மாவைக் கேட்காமல் தூக்க முடியாது. கட்டைகளை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க அவள் வீட்டுக்கு ஏறினேன்.

"கோயிலுக்கே வந்துடறீங்களாம்மா?" என்று கேட்டுப் போட்டேன். அம்மா சிரித்தாள். மறுபடி போட்டேன். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது முறை இரண்டும் குப்புற விழுந்தன.

சியூ கிம் கட்டைகளையே பார்த்தாள்.

"வரமாட்டாங்களாமா?"

"மாட்டாங்களாம்."

"என்னோடயே இருக்காங்களாமா?"

"ஆமா தாயி."

தரையில் உட்கார்ந்து கேவிக்கேவி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். ஒன்றை அம்மா முன் வைத்தாள். மற்றதைத் தான் எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் நிற்பதே அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கும் ஒரு கோப்பை என்று கேட்க வாய் வராமல், யாருமில்லாத கோயிலுக்கு இறங்கி வந்தேன்.