நத்தையின் வண்டி மேடேறிய விதம்

மேட்டுச் சாலையின் வளைவில் நத்தை வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான். என்ஜின் நிற்கவில்லை. முதல் கியரில் ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்தது. வண்டியின் முதுகில் பெரிய சதுரப் பை. பைக்குள், உடம்பை இரும்பாக்க நினைத்த யாரோ ஒருவர் வரவழைத்த இரும்புக் குண்டுகள். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து வழி கேட்டு இருமினார். நத்தை ஒதுங்கினான். பெரியவர் முந்திப் போய் நின்று, திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் கை கொடுக்கட்டுமா தம்பி?"

"வேணாங்க. ஏறிடும். கோவம் வந்தாதான் நிக்கும்."

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சக ஓட்டிகள் அதை மறக்கடித்துவிட்டார்கள். அந்த வண்டியைப் பற்றி அவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கீழே கடைவீதியில் ஏற்றிய வாழைக்காய் மேலே போய்ச் சேர்வதற்குள் பழுத்துவிட்டது என்பார்கள். பழுத்தது உண்மை. ஆனால் கடையில் எடுக்கும்போதே அது லேசாக மஞ்சளாகத்தான் இருந்தது.

சிரிப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கைபேசிச் செயலி ஒரு நேரம் வைக்கும். அதற்குள் கொடுக்காவிட்டால் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிகளுக்கு ஒரு வரம்பு உண்டு, அது நிறைந்தால் கணக்கு தானாகவே மூடிக்கொள்ளும். யாரிடமும் போய் அழ முடியாது. செயலியின் காலில் விழலாம் என்றால் அதற்குக் கால் இல்லை. இரும்புக் குண்டுகளும் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில் நத்தைக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி. அதுவும் விழுந்தால் வேலை போய்விடும்.

அன்று சாயங்காலம் அவன் வண்டியை நேரே அண்ணியின் பட்டறைக்கு ஓட்டினான். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். பட்டறை அண்ணியுடையது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். அண்ணி ஒரு வண்டியின் சத்தத்தைக் கேட்டே அதன் சொந்தக்காரர் எப்போது கடைசியாக ஆயில் மாற்றினார் என்று சொல்லிவிடுவார். சிலர் அதற்குப் பயந்தே தெருமுனையில் என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார்கள்.

நத்தையின் பின்னால் அவன் மனைவியும் வந்திருந்தாள், ஒரு கையால் கன்னத்தைப் பிடித்தபடி.

"அண்ணி, என்ஜினைப் பெருசாக்கணும்," என்றான் நத்தை. "வீடியோவுல பார்த்தேன். பெரிய பிஸ்டன், பெரிய கார்புரேட்டர், அப்புறம் அந்த வாய் தொறந்த சைலன்சர்."

"சைலன்சர் எதுக்கு?"

"சத்தத்துக்கு."

"சத்தம் இப்பவே மேல போய்ச் சேர்ந்துடுது தம்பி. நீதான் போகல. கையில எவ்வளவு வச்சிருக்க?"

நத்தை மடித்த உறையை நீட்டினான். அண்ணி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பெரிய பிஸ்டனோட படம் கெடைக்கும். சின்னப் படம்."

"அக்கா, அது என் பல்லுக்கு வச்ச பணம்," என்றாள் மனைவி. "அதையும் மனசுல வச்சுக்குங்க. ஒரு பக்கமாவே மென்னு மென்னு என் மூஞ்சி கோணிக்கிட்டு வருது."

"உனக்கு முதல்லயே கொஞ்சம் கோணல்தாண்டி. அதைப் பல்லு மேல போடாத."

"நீங்கதானே பொண்ணு பார்க்க வந்தீங்க?"

"வெளிச்சம் பத்தல," என்றார் அண்ணி. சாக்கட்டியை எடுத்துக் குனிந்து தரையில் ஒரு கோடு கிழித்தார். "இங்க பாரு தம்பி. கோட்டுக்கு இந்தப் பக்கம் கழுவுறது, சரி பண்றது. அதுக்கு என் கை போதும். அந்தப் பக்கம் வாங்குறது. உன் பிஸ்டன் எங்க இருக்கு தெரியுமா? வாசலுக்கு வெளிய. முதல்ல இந்தப் பக்கத்தை முடிப்போம். இருக்கிற என்ஜின் முழுசா ஓடுதான்னு பார்க்காம பெருசாக்கினா, பெரிய என்ஜின் அரைகுறையா ஓடும். அவ்வளவுதான்."

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றினார். சக்கரம் அரைச் சுற்றுப் போய் நின்றது.

"பிரேக் விடவே இல்ல. இவ்வளவு நாளா பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மேடு ஏறியிருக்க."

"நான் பிடிக்கலையே அண்ணி!"

"நீ பிடிக்கல. அது பிடிச்சிருக்கு. உன் மேல பாசம்."

காற்றுப் பெட்டியைத் திறந்ததும் அண்ணி குனிந்து உள்ளே பார்த்தார். மூச்சு இழுக்கும் துளையில் பாதிக்கு மேல் மண்ணால் அடைத்து ஒரு குளவிக் கூடு. நேர்த்தியான கூடு. வண்டியை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் குளவி கட்டியது என்பார் அண்ணி. ஓடும்போதே கட்டியிருக்கும், அந்த வேகத்தில் குளவிக்கு ஒன்றும் சிரமம் இருந்திருக்காது என்பார்கள் மற்ற ஓட்டிகள்.

சைலன்சரைக் கழற்றிக் கரியைச் சுட்டுத் தட்டியதில் ஒரு முறம் கறுப்பு கொட்டியது. வால்வு இடைவெளி சரியானது. கார்புரேட்டர் பெட்ரோலில் குளித்தது. கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் அண்ணி எழுதியது கொஞ்சம்தான். புது பிளக். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளைக்கு ஒரு அளவு பெரிய ஜெட், இனிமேல் வண்டி நிறைய காற்று இழுக்கும், அதற்கேற்ற பெட்ரோல் வேண்டும் என்பதால். சங்கிலியை இழுக்க முன்பக்கம் ஒரு பல் குறைவான சின்னப் பல்சக்கரம், அதுவும் பழைய சாமான் கடையிலிருந்து.

"முன்னால ஒரு பல் குறைஞ்சா இழுவை கூடும்," என்றார். "ஆனா சமதரையில கத்தும், ஓடாது. பரவாயில்லையா?"

"சமதரையில எவன் புள்ளி வைக்கிறான்?"

"பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும்."

"அண்ணி, வேலை இருந்தா குடிக்கட்டும்."

உறையில் மிஞ்சியதை அண்ணி எடுத்து மனைவியின் கையில் வைத்து மடக்கினார். பல்லுக்கு அது போதும். கூலியைப் பற்றிக் கேட்டதற்கு, அண்ணன் வந்ததும் அவரிடம் கொடு, அவர் வாங்க மாட்டார், கணக்கு நேராகிவிடும் என்றார்.

மறுநாள் வண்டி மேடேறியது. இரண்டாவது கியரிலேயே ஏறியது. நத்தை பழக்கதோஷத்தில் வளைவில் இறங்குவதற்குக் காலைத் தூக்கினான். வண்டி அவனைக் கேட்கவில்லை. அந்த மகிழ்ச்சியை அடக்கத் தெரியாததுதான் பிறகு வந்த வினை. அவன் வாழ்நாளில் எங்கும் முன்னதாகப் போய்ச் சேர்ந்ததில்லை, பிறந்ததே தாமதமாகத்தான் என்று அவன் அம்மா சொல்வாள். இப்போது பொட்டலத்தைக் கொடுத்த கையோடு 'கொடுத்தாயிற்று' பொத்தானை அழுத்தினான். வாரம் முழுக்க அழுத்தினான். வாடிக்கையாளர் ஒருவர், வாங்கியது வேண்டாம் என்று மனதை மாற்றிக்கொள்வதற்குள் நத்தை வாசலில் நின்றதாகப் புகார் கொடுத்தார்.

செயலி அவனுக்கு ஒரு தங்கக் கிண்ணத்தின் படத்தை அனுப்பியது. கூடவே மேட்டுச் சாலைக்குப் போகும் அத்தனை ஓட்டிகளின் நேரத்தையும் குறைத்துவிட்டது. அங்கே வேகமாகப் போகிறவன் எவனோ அவன் நேரம்தான் எல்லோருக்கும் நேரம். பழைய சிவப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன.

ஓட்டிகள் பட்டறை வாசலில் கூடிவிட்டார்கள். எப்போதும் எரிந்து விழுவதால் சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவன் ஹெல்மெட்டோடேயே முதலில் வாயைத் திறந்தான்.

"ஏன்டா நத்தை, உன் வண்டிக்கு மூச்சு வந்தா எங்க மூச்சை நிறுத்திடுவியா? நேத்து ஒரே நாள்ல எனக்கு ரெண்டு புள்ளி!"

"எனக்கு எப்படிடா தெரியும்? பாராட்டுதேன்னு நெனச்சேன்."

"அது பாராட்டினா உடனே சுதாரிக்க வேணாமா?"

"சண்டை வேணாம்," என்றான் இன்னொருவன். "அண்ணி, எங்க வண்டிக்கும் அதே மாதிரி பண்ணிக் கொடுங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க."

பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு வரிசை அந்த வாசலில் நின்றதில்லை. அண்ணி கையைத் துணியில் துடைத்தபடி வரிசையைக் கடைசிவரை பார்த்தார். நல்ல வரிசை. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது.

"பண்ணித் தரேன்," என்றார். "பிரேக்கும் காத்துப் பெட்டியும் எல்லாருக்கும் இன்னிக்கே பார்த்துடறேன், வண்டி கஷ்டப்படக் கூடாது. ஆனா நீங்க எல்லாரும் வேகமாயிட்டா அது இன்னும் குறைக்கும். அப்புறம் பெரிய பிஸ்டன் போடுவீங்க. அது இன்னும் குறைக்கும். அதுக்கப்புறம் இறக்கைதான் கட்டணும். இறக்கைக்கு என்கிட்ட ஸ்பேனர் இல்ல."

ஓட்டிகளில் மூத்தவரான பெரியக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே வண்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கேயும் அதைக் கழற்றுவதில்லை, மாட்டுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால்.

"வேகமா போறவனைத்தானே அது பார்க்குது?" என்றார் உள்ளிருந்து. "வேகமா போறவனே இல்லாம பண்ணிட்டா?"

"எல்லாருக்கும் புள்ளி விழுமே அக்கா."

"விழட்டும். எத்தனை பேரை மூடும்? எல்லாரையும் மூடிட்டா மேட்டுக்கு அதுவே நடந்து போகட்டும்."

எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் ஒவ்வொருவராக நத்தையைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு புள்ளி விழுந்தால் அது ஒரு புள்ளி. அவனுக்கு அதுதான் கடைசி.

"நீ மட்டும் நேரத்துக்குக் கொடுத்துடு," என்றான் சிடுமூஞ்சி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "உனக்குப் பொழப்பு போயிடும்."

"நான் கொடுத்தா என் நேரத்தைத்தானே பிடிச்சுக்கும்," என்றான் நத்தை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். புதிதாகக் கட்டிய பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"வேலை போனா என்ன பண்ணுவீங்க?"

"அண்ணிகிட்ட ஸ்பேனர் துடைப்பேன்."

"உங்களைப் பட்டறைக்குள்ள விடுவாங்களா?"

"தெரியல."

"சரி, போங்க. நின்னா எல்லாரோடயும் நில்லுங்க. பாதியில ஓடி வந்துடாதீங்க. இப்ப வண்டி வேற ஓடுது."

அடுத்த நாள் அத்தனை வண்டிகளும் ஒன்றன் பின் ஒன்றாக மேடேறின. நத்தையின் வண்டி முன்னால். கைப்பிடியை முறுக்கினால் பாய்ந்துவிடும், அதைப் பிடித்து அடக்குவது பழைய நாட்களில் தள்ளியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசி வளைவில், வீடுகள் தொடங்குவதற்குச் சற்று முன், வரிசையாக ஓரங்கட்டி நிறுத்தினார்கள். பைகளில் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. நத்தையின் கைபேசியில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் பொழுதில் அவன் கால் தானாகவே கியரைத் தேடியது. பக்கத்தில் நின்ற சிடுமூஞ்சி கையை நீட்டி அவன் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான்.

எண்கள் சிவப்பாயின. எல்லாக் கைபேசிகளும் ஒன்றாக அலறின. பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செயலி யோசிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அது எதை யோசித்தது என்பது செய்தி வந்ததும் தெரிந்தது. நத்தை அதை உரக்கப் படித்தான், நம்பிக்கை வராமல் மறுபடியும் படித்தான்.

"மேட்டுச் சாலையில் தடை. மரம் விழுந்திருக்கலாம். இன்றைய புள்ளிகள் நீக்கப்பட்டன. பழைய நேரம் மீண்டும் வழங்கப்படுகிறது. தடை நீங்கும் வரை பாதுகாப்பாகக் காத்திருக்கவும்."

எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். மரங்கள் ஓரத்தில் நேராக நின்றன. ஆட்கள் களைத்திருக்கலாம் என்ற ஒரு வரி அதன் மூளையில் எழுதப்படவே இல்லை போலிருக்கிறது.

"பெரிய மரமாத்தான் இருக்கணும்," என்றான் சிடுமூஞ்சி. "தினமும் விழும்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, சூடு இறங்கும் உலோகம் டிக் டிக்கென்று முனகியது. பெரியக்கா வண்டியை விட்டு இறங்கி, ஓரக் கல்லில் உட்கார்ந்து, தாடைக்குக் கீழே இருந்த வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றினார். பாதிக்கு மேல் நரைத்த தலை. நெற்றியில் ஹெல்மெட் அழுந்தி அழுந்தி விழுந்த ஆழமான தடம். கண்களை மூடி முகத்தைக் காற்றுக்குக் காட்டினார்.

அவரோடு இத்தனை வருடமாகப் பொட்டலம் சுமந்த சிடுமூஞ்சி தன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான் தயங்கியபடி, "நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

"நானும் உன் மூஞ்சியைப் பார்த்ததில்லடா," என்றார் அவர். "ஹெல்மெட்டைக் கழட்டு, பார்ப்போம்."