பக்கத்து சீட்டில் எட்டு நகம்

"உட்கார்ந்தா யாரோ ஒரு பொம்பளை மடியில உட்கார்ந்த மாதிரி இருக்குங்க."

சீட்டுக்காரி கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பழைய கார்களின் தோல் சீட்டுகளைச் சுத்தம் செய்து உயிர் கொடுப்பது அவள் தொழில். பதினாறு வருஷத்தில் வாந்தி, கொட்டிய காபி, நாய் கடித்த ஓரம் என்று எல்லாப் புகாரும் கேட்டாயிற்று. மடி புதுசு.

"எந்த சீட்?"

"டிரைவருக்குப் பக்கத்து சீட். என் இடம்."

தையல் மிஷின் சட்டென்று நின்றது. மிஷினில் இருந்தவள் சீட்டுக்காரியின் அண்ணி. கடையில் பாதிப் பங்கு, பேச்சில் முக்கால் பங்கு.

"மடின்னா கிழவி மடியா, குமரி மடியா?"

"அண்ணி, சும்மா இருங்க."

வந்தவள் சிரிக்கவில்லை. வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை மலைக்குப் போறோம். ஆறு மணி நேரப் பயணம். அதுக்குள்ள இந்தப் பயம் போகணும். இல்லேன்னா எனக்கு மனசு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கிறார். எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு, நான் சரியாத்தான் இருக்கேனான்னு."

வாசலில் அவள் கணவர், ஐம்பது வயது என்ஜினியர், கைக்குட்டையால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார் அவரிடம் இருபத்தாறு வருஷமாக இருக்கிறது. முதல் மனைவி நாலு வருஷத்துக்கு முன்னால் இதயக் கோளாறில் போய்ச் சேர்ந்தாள். இவள் வந்து எட்டு மாதம்.

"புதுசா ஆக்கிடுங்க. ஒரு கீறல் தெரியக் கூடாது" என்றார் அவர், மிகவும் இனிமையாக.

சோப்பு தொடுவதற்கு முன் சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பது சீட்டுக்காரியின் வழக்கம். எங்கே தளர்ச்சி, எங்கே பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே முதுகு சொல்லிவிடும். அன்றும் உட்கார்ந்தாள்.

மூன்றாவது நிமிஷம் அவள் கைகள் தாமாகவே சீட்டின் முன் விளிம்புக்குப் போயின. மடிப்பின் அடியில் விரல்களுக்குக் குழிகள் தட்டுப்பட்டன. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. அதே நேரம் வலது கால் தரையை அழுத்தியது. குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்து தகரம் தெரிந்தது, ஒரு குதிகால் அளவுக்கு.

"அண்ணி, இங்க யாரோ பிரேக் மிதிச்சிருக்காங்க."

"அந்தப் பக்கம் ஏதுடி பிரேக்?"

"அதைத்தான் சொல்றேன்."

அண்ணி எழுந்து வந்து பார்த்தாள். அதன் பிறகு கொஞ்ச நேரம் அவளிடமிருந்து பேச்சில்லை. உலக அதிசயம்.

தலை சாயும் இடத்தில் எண்ணெய்க் கறை. நடுவில் அல்ல, ஜன்னல் ஓரமாக. வருஷக்கணக்கில் முகத்தைச் சாலையிலிருந்து திருப்பி வைத்திருந்த ஒருத்தியின் கறை. சீட்டுக்காரி நுரையைத் தடவி மெல்லத் தேய்த்தாள். வெள்ளைத் துணி பழுப்பாக வந்தது. மறுபடி துடைத்தாள், மறுபடி பழுப்பு. ஒரு வழியாகத் தோல் தெளிந்ததும் நகக்குழிகளில் பள்ளம் அடைக்கும் ஃபில்லர் பசை வைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் சமப்படுத்தி, பஞ்சில் கலர் தொட்டு ஒற்றினாள். மாலை ஐந்து மணிக்கு விளிம்பு பால்கோப்பை மாதிரி வழவழத்தது. காரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புதன் காலை திறந்தபோது எட்டுக் குழிகளும் இருந்தன.

"எண்ணெய்ப் பிசுக்கை முழுசா எடுத்திருக்க மாட்டே. ஃபில்லர் பிடிக்காம உள்ள வாங்கிடுச்சு" என்றாள் அண்ணி.

அப்படித்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் செய்கிற தப்பு அது. சீட்டுக்காரி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாள். ஸ்பிரிட் போட்டு, துணி வெளுப்பாக வரும் வரை துடைத்து, புதிதாக ஃபில்லர் வைத்தாள். சூட்டுக் காற்று காட்டி இறுக்கினாள். கட்டை விரலால் அழுத்தினாள். கல் மாதிரி நின்றது. அதன்மேல் மறுபடி கலர் ஒற்றினாள்.

வியாழன் காலை அவள் காரைத் திறக்கவே தயங்கினாள். அண்ணிதான் திறந்தாள். திறந்த வேகத்தில் பின்னால் நகர்ந்தாள்.

ஃபில்லர் உள்ளே வாங்கவில்லை. எட்டு இடத்திலும் கலர்ப் படலம் கிழிந்து, ஓரங்கள் சுருண்டு நின்றன. கிழிசலில் நேற்றைய கலரின் ஈரம்கூட இருந்தது. ஜன்னல்கள் ஏற்றியபடியே இருந்தன. சாவி இரவு முழுக்கத் தலையணைக்கு அடியில் கிடந்தது.

"ஏம்மா, இதை அப்படியே திருப்பிக் கொடுத்திடு. நமக்கு வேண்டாம்."

சீட்டுக்காரி விளக்கைச் சாய்த்துப் பிடித்து விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பழைய குழிகள். அவற்றுக்குச் சற்று வெளியே, முதலில் அழுக்குக்கு அடியில் மறைந்திருந்த இன்னொரு வரிசை. ஆழம் குறைவு. இடைவெளியும் வேறு. வேறு கை.

போன் போட்டாள். "நீங்க மட்டும் வாங்க. அவர்கிட்ட சொல்ல வேண்டாம்."

பதினோரு மணிக்கு என்ஜினியரின் மனைவி வந்தாள்.

"ஏறி உட்காருங்க. கண்ணை மூடிக்கோங்க. மலை ரோட்டுல போறீங்க. அவர் ஓட்டுறார்."

கண்ணை மூடிய அரை நிமிஷத்தில் அவள் கைகள் விளிம்பை எட்டிப் பிடித்தன. குதிகால் அந்தத் தகரத்தில் போய் நின்றது. உதடு வெளுத்தது.

"இப்ப குனிஞ்சு பாருங்க."

அவள் விரல்கள் வெளி வரிசைக் குழிகளில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

"இது... நானா பண்ணேன்?"

"இந்த வரிசை நீங்க. எட்டு மாசத்து வேலை. உள் வரிசை உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. ரெண்டு நாளா அதை மூடிப் பார்க்குறேன். மூட விட மாட்டேங்குறாங்க."

அவள் வெகுநேரம் இறங்கவில்லை. பிறகு கேட்டாள்:

"அப்போ எனக்கு மனசு கெட்டுப் போகல?"

"மனசு கெட்டா ஒருத்திக்குக் கெடலாம்" என்றாள் அண்ணி. "வரிசையா ரெண்டு பேருக்கும் அதே சீட்டுலயா கெடும்?"

வாசலில் நிழல் விழுந்தது. என்ஜினியர்.

"வீட்டுல ஆளைக் காணோமேன்னு பார்த்தேன். வண்டி ரெடியா?" குனிந்து விளிம்பைப் பார்த்தார். முகம் சுளித்தார். "என்னங்க இது, அப்படியே இருக்கு!"

"போகலைங்க" என்றாள் சீட்டுக்காரி.

அவர் பெருமூச்சு விட்டார். "அவளும் இப்படித்தான் பிறாண்டுவா. மெதுவா, மெதுவான்னு ஒரே புலம்பல். இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன், ஒரு சிராய்ப்பு உண்டா? வளைவுல கொஞ்சம் அழுத்தினாத்தான் வண்டிக்கே உயிர் வரும். பொம்பளைங்களுக்கு அது புரியாது."

காரிலிருந்து இறங்கிய மனைவி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "அக்கா எங்க இறந்தாங்க?"

"ஆஸ்பத்திரியிலதான்."

"எங்க?"

"உயிர் வண்டியிலேயே போயிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வளைவுக்கு அப்புறம் திடீர்னு பேச்சை நிறுத்திட்டா. கோச்சுக்கிட்டு சும்மா இருக்கான்னு நினைச்சேன். மலை உச்சியில வண்டியை நிறுத்தின பிறகுதான் பார்த்தேன்." குரலில் சின்ன எரிச்சல் மட்டும் இருந்தது. "சரி, ஏறு. நாளைக்குத் துணியெல்லாம் எடுத்து வைக்கணும்."

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நான் வரலை."

"வீட்டுக்கு?"

"இந்த வண்டியில எங்கயும்."

"நான் அப்பவே சொன்னேன்ல, டாக்டர்கிட்ட..."

"போங்க. போய் நீங்களே கேட்டுக்கோங்க."

அண்ணி கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. என்ஜினியர் மூன்று பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். கதவை அறைந்து சாத்தினார். சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் ஏறினார்.

அவர் ஸ்டார்ட் செய்தபோது கண்ணாடி வழியே மூவரும் அதைப் பார்த்தார்கள். காலியான பக்கத்து சீட்டின் தோல் மெதுவாக அமுங்கியது, ஒல்லியான ஒருத்தி உட்காரும் அளவுக்கு. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கார் சீறிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது.

"அவருக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று அவள் கேட்டாள்.

"அது அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல" என்றாள் சீட்டுக்காரி. "நீங்க எங்க போறீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. நாலு தெரு தள்ளி."

"ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கி நடந்தாள். அவசரமே இல்லாமல், தனக்குப் பிடித்த வேகத்தில்.