தொகியே அம்மாவின் கணவர் எரிந்த வெளிச்சம்

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிந்து விழும் விண்கல்லைப் படமெடுத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது என் பொழுதுபோக்கு. கேமராவுக்கு முன்னால் நுண்கோடுகள் கீறிய ஒரு கண்ணாடி. வெளிச்சம் நிறப்பட்டையாகப் பிரியும். ஒவ்வொரு உலோகமும் தன் இடத்தில் கோடு போடும். இதைக் கேள்விப்பட்டு, இங்கே ஜப்பானின் சுவா நகரத்தில் அடுத்த தெருவிலிருக்கும் தொகியே அம்மா வந்தார்.

2

‘கணவரை இழந்த தொகியே வானத்தை ஏக்கத்தோடு’ —

[அடித்துவிட்டேன். அவர் ஏங்கவே இல்லை.]

தொகியே அம்மாவின் பிடிவாதத்தால் கணவரின் அஸ்தி மொத்தமும் ஒரு செயற்கைக்கோளில் போயிருந்தது. அஸ்தியை விண்வெளிக்கு அனுப்பும் நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் மகன் குனிஹிகோ. செயற்கைக்கோள் திரும்பி விழும்போது எல்லாம் எரிந்து தீர்ந்துவிடும்.

“அது எரியிறத நீங்க படம் புடிக்கணும் தம்பி.”

“ஞாபகத்துக்காம்மா?”

“அவர் ஞாபகம் எனக்கெதுக்கு? முழுசா ஒழிஞ்சாரான்னு தெரியணும். அப்பா எங்கயோ அங்கதான் உங்களையும் வைப்பேன்னு மகன் ஒத்தக்கால்ல நிக்கிறான். நாப்பது வருஷம் அந்தாளு திட்டுனதக் கேட்டாச்சு. மிச்சம் இருந்தா, குடும்பக் கல்லறையில பக்கத்துல கெடந்தும் கேக்கணுமா?”

3

செயற்கைக்கோள் விழுந்தது. படம் கிடைத்தது. அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. அது கோளின் உடம்பு. எலும்புச் சாம்பல் என்றால் கால்சியம், ஊதா ஓரத்தில். அங்கே ஒன்றுமில்லை.

(ஒரு குறிப்பு: தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது. ஊதா ஓரத்தில் என் லென்ஸ் அரைக்குருடு. இந்த நேர்மையால் யாருக்கும் நயாபைசா பிரயோஜனமில்லை.)

4

மறுநாள் குனிஹிகோ ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்தான்.

“எரிஞ்சிட்டாருன்னு சொல்லிடுங்கண்ணே. அம்மா நிம்மதியா இருக்கட்டும்.”

“நீ அஸ்தியக் குடுத்தியா இல்லையா?”

“அப்பா கல்லறையிலதான் இருக்காரு. சொந்தக்காரங்க வாய அடைக்கணும்ல. நான் அனுப்புனது மணல்.”

இவனை நல்லவனாக்க மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஆப்பிள் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் எழுத முடிந்தது.

5

முடிவு ஒன்று: பொய் சொல்கிறேன். அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். அவர் மகனோடு பேச்சை நிறுத்துகிறார். ஆனால் இருப்பது அவன் வீடு, சாப்பிடுவது அவன் போடும் சோறு. எத்தனை நாள் வீம்பு —

முடிவு மூன்று எனக்கு வரவில்லை. தொகியே அம்மா வந்துவிட்டார், வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்.

“என்ன தம்பி, ஒழிஞ்சாரா?”

நீங்களே பதில் சொல்லுங்கள். ஆனால் எதைச் சொன்னாலும், இந்த அம்மா போனபின் இவர் அஸ்தியைக் கையில் வாங்கப்போகிறவனும் குனிஹிகோதான்.